அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு பெற்றோர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்: மகளை இன்ஜினியரிங்கில் சேர்ப்பதா, படம் திருத்தும் வேலையிலேயே விடுவதா? மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள். பெரியப்பா நவி மும்பையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு 18 லட்சம். அவளோ மாட்டுங்கா ஜவுளிக்கடை ஒன்றுக்குச் சேலைப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். "படத்துக்குப் பவுடர் பூசுறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறாராம் பெரியப்பா.

வேலைதான். அந்த 18 லட்சத்துக்கு வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள். மனம் ஒட்டாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

ரீடச்சிங், அதாவது படம் திருத்துவது என்றால் பரு நீக்குவது என்று நினைக்கிறோம். யூடியூபில் எல்லோரும் முதலில் பழகுவது ஃப்ரீக்வென்சி செபரேஷன்: தோலின் நிறத்தையும் நுண்ணிய வரிகளையும் தனித்தனியாகப் பிரித்துத் திருத்தும் முறை. அதில் மங்கலாக்கும் பிளர் அளவு கொஞ்சம் கூடினாலும் தோல் மெழுகுபொம்மை ஆகிவிடும், தாடை ஓரத்தில் அழுக்கு போல நிழல் படியும். தேர்ந்த கை டாட்ஜ் அண்ட் பர்ன் செய்யும், அதாவது சின்னச் சின்ன இடமாக வெளிச்சமும் இருட்டும் கூட்டும்: வெளிச்சத்துக்கு ஒரு கர்வ்ஸ் லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு), இருட்டுக்கு ஒன்று, இரண்டையும் மறைக்கும் கறுப்பு மாஸ்க், அதில் தீட்டும் பிரஷ்ஷின் ஃப்ளோ 2, 3 சதவீதம். புள்ளி புள்ளியாகப் போக வேண்டும். ஒரு முகத்துக்கே அரை நாள் ஓடிவிடும்.

ஆனால் காசு நிறத்தில்தான் இருக்கிறது. அரக்குச் சேலை போனில் சிவப்பாகத் தெரிந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற அளவில் இருக்கும் படம், அது எந்த அளவு என்று சொல்லும் ப்ரொஃபைல் இல்லாமல் இணையத்துக்குப் போனால் வெளிறிவிடும். இணையத்தின் பொது அளவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதே அரக்கு நாளிதழ் விளம்பரத்துக்குப் போனால் வேறு சிக்கல். அந்தத் தாள் நான்கு மைகளும் (ஒவ்வொன்றும் முழுசாக விழுந்தால் 100) சேர்ந்து சுமார் 240 சதவீதத்துக்கு மேல் தாங்காது, பளபளப்பான தாள் 300 வரை தாங்கும். கணக்குத் தப்பினால் முந்தானை முழுக்க ஈஷிக்கொண்டு கறுப்பாக வரும். இதைத் தெரிந்து அனுப்புகிறவளைக் கடைக்காரர் விடமாட்டார்.

ஏஐ வந்துவிட்டதே என்கிறீர்கள். பின்னணி நீக்குவதை அது எடுத்துக்கொண்டுவிட்டது. அதைக் கற்றுத்தரும் வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆனால் ஜரிகைப் பகுதியை நிரப்பச் சொன்னால் அது நெசவில் இல்லாத மாங்காயைத் தானாகப் போட்டுவிடுகிறது. கடையில் இல்லாத சேலையை விளம்பரத்தில் காட்ட முடியுமா?

செலவு என்ன? 32 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத நல்ல ஐபிஎஸ் திரை, பத்தாயிரத்துக்குள் பேனாவால் தீட்டும் ஒரு சின்னப் பென் டேப்லெட், ஃபோட்டோஷாப் சந்தா. திரையின் நிறத்தை மாதம் ஒருமுறை அளந்து சரிசெய்யட்டும் (கேலிபிரேட்): வெண்மை 6500 கெல்வின், நடு வெளிச்சத்துக்கான காமா 2.2, திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. அவள் உட்காரும் அறையில் ரோஸ் சுவரும் மஞ்சள் பல்பும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், கண் ஏமாறும்.

ஒரு வருஷம் கொடுங்கள். அந்தேரி, லோயர் பரேல் பக்கம் ஸ்டுடியோக்களுக்குப் போகும்போது பத்து படங்கள் போதும், ஆனால் லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாத பிஎஸ்டியாக (ஃபோட்டோஷாப் கோப்பாக) இருக்கட்டும். மூலப்படத்தின் மேலேயே நேராகத் தீட்டியிருந்தால் திருத்தம் கேட்கும்போது திரும்பிப் போக வழியிருக்காது. அனுபவசாலி லேயர் பட்டியலைப் பார்த்தவுடனே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போதைக்கு மாட்டுங்கா கடையில் படத்துக்கு இத்தனை ரூபாய், இரண்டு முறை திருத்தம், மூன்றாவதுக்குத் தனிக் காசு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.