முள்கரண்டி பெண்பால்

அன்புள்ள அக்கா,

எனக்கு 18 வயது. பள்ளி முடித்து, ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1 தேர்விலும் பாஸாகிவிட்டேன். ஒரு வருடம் ஓ பேராக ஜெர்மனி போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழியை நன்றாகக் கற்க வேண்டும், பிறகு அங்கேயே மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு குடும்பங்கள் கூப்பிடுகின்றன. ஒன்று மியூனிக் நகரத்தில். எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். பெற்றோர் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள், அதனால் எனக்குச் சுலபமாக இருந்தது. இன்னொன்று காஸல் பக்கத்தில் ஒரு கிராமம். 4 வயதுப் பையன், 7 வயதுப் பெண். வீடியோவில் அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. எனக்கு மியூனிக்தான் பிடித்திருக்கிறது. ஒரு வருடத்தில் நான்காம் படியான பி2 வந்துவிடுமா? அப்பாவோ, "அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கால் கழுவிவிடவா படித்தாய்?" என்கிறார். என் பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள தங்கைக்கு,

காஸல் பக்கத்துக் கிராமத்துக்குப் போங்கள். பாதி புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

நானும் 19 வயதில் ஓ பேராகப் போனவள்தான். முதல் வீட்டில் ஒரு கைக்குழந்தை. பெற்றோர் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் வந்ததும் என்னோடு ஆங்கிலம் பேசுவார்கள். ரொம்ப நல்ல மனிதர்கள், என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நான் புதிதாகக் கற்ற ஜெர்மன் பால் பவுடர் டப்பாவில் அச்சிட்டிருந்தது மட்டும். குழந்தையோ 'ங்கா' என்பதைத் தாண்டவில்லை. அதையும் தமிழில்தான் சொன்னது என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் குடும்பம் மாறினேன். அங்கே நான்கு வயதுப் பையன். மேஜையில் தட்டு எடுத்து வைப்பது எங்கள் இருவரின் வேலை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். மூன்றையும் அஃறிணையில் போட்டு வளர்ந்த நமக்கு இது எந்த ஊர் நியாயம் என்றே புரியாது. ஒன்றன்பால் சொல்லுக்கு முன்னால் 'தாஸ்', பெண்பாலுக்கு 'டீ' வரும். நான் முள்கரண்டிக்கு 'தாஸ்' போட்டால், வாயில் ரொட்டியோடு அவன் "டீ!" என்று கத்துவான். தப்பாகச் சொன்னால் கையிலிருந்து வாங்கமாட்டான். பெரியவர்கள் மரியாதைக்காக நம் தப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. புரியாவிட்டால் ஒரே வாக்கியத்தைப் பத்து முறையும் சலிக்காமல் சொல்வார்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள குழந்தைகளைவிட நல்ல மொழி ஆசிரியர் ஓ பேருக்குக் கிடையாது என்பது என் கட்சி. ஊர் எவ்வளவு அழகு என்பதைவிட, வீட்டில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று பாருங்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. குழந்தையிடம் கற்ற மொழி குழந்தை மொழியாகவே நின்றுவிடும். ஜெர்மனிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு: 'டு', 'ஸீ'. வீட்டுக்குள் எல்லாரும் 'டு' என்பதால் 'ஸீ' என் வாயிலிருந்தே போய்விட்டது. குழந்தைகள் டாக்டரை, நரைத்த தலைக்காரரை, மாதக்கணக்கில் 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தேன். செருப்பைப் போடு, வாயைத் துடை, அங்கே ஏறாதே: ஏவல் வினையில் நான் புலி. ஆனால் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் முதல் வரியிலேயே மூழ்கிவிடுவேன். மேலே படிக்கப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஜெர்மன்தான் தேவை. அதற்கு வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே கிராமத்துக் குடும்பத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வகுப்பு எங்கே, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது. காஸலில் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ என்ற பொதுக் கல்வி நிலையத்தில் மொழி வகுப்புகள் உண்டு. வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லையென்றால் அந்தக் குடும்பம் காரில் கூட்டி வருமா? தயங்காமல் கேளுங்கள். அங்கே நேரடியாகக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விதிகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரம். அதற்கு மேல் வேலை கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, குறைந்தது நான்கு சாயங்காலங்கள் உங்களுடையவை. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, வகுப்புக்கென்று தனியாக மாதம் 70 யூரோ. தனி அறை, சாப்பாடு, காப்பீடு அவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஏஜென்ட் மூலம் போவதானால், ஜெர்மன் ஏஜென்ட் ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். லட்சத்தில் பேசுகிற ஆளிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, ஜெர்மனிக்கு ஓ பேராக வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போகலாம், அதிகபட்சம் ஒரு வருடம். நடுவில் குடும்பம் மாறலாம், ஆனால் வீணான மாதங்கள் திரும்பி வராது. என் முதல் மூன்று மாதம் அப்படிப் போனதுதான்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கால் கழுவிவிடத்தான் வேண்டியிருக்கும், அதில் அவர் சொல்வது தப்பில்லை. 'ஓ பேர்' என்றால் பிரெஞ்சில் 'சமமாக' என்று பொருள். 1969இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடுகள் போட்ட ஒப்பந்தம், ஓ பேர் மாணவரும் இல்லை, தொழிலாளியும் இல்லை, இரண்டின் சாயலும் உள்ள தனி வகை என்று சொல்கிறது. ஆனால் தாளில் சமம் என்று எழுதியதாலேயே எல்லா வீட்டிலும் சமமாக நடத்துவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளின் துணி, காலை உணவு, சின்னச் சின்ன வீட்டு வேலை, இதெல்லாம் சரி. வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்வது, வீடு முழுக்க ஜன்னல் துடைப்பது என்று ஆரம்பித்தால் அது ஓ பேர் வேலை அல்ல. அந்த வீட்டில் முன்பு இருந்த பெண்ணின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் அப்பாவையே பேசச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அது அவருக்கு நிம்மதி தரும்.

பி2? வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் அதற்கு முந்தைய படியான பி1 நிச்சயம் என்பேன். பி2 உங்கள் சாயங்காலங்களைப் பொறுத்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் வீட்டுக்கு வீடியோவில் பேசினால் வராது. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டும்போது அப்படித்தான் பேசத் தோன்றும். எனக்கும் தோன்றியது, பேசினேன், அழுதேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு முறை காஸல் குடும்பத்தோடு வீடியோவில் பேசுங்கள். இந்தத் தடவை பெற்றோரை விட்டுவிட்டு, போனை அந்த நான்கு வயதுப் பையனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்று கவலையே படாமல் அவன் பாட்டுக்குப் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிக்கொண்டே போனால், சரி என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா