மர சிஎன்சி மெஷினுக்கு எந்த ரயில்?

கேள்வி: தேக்குக் கதவுகளில் பூ வேலை செதுக்க நாலுக்கு எட்டு அடி சிஎன்சி ரவுட்டர் (கணினி காட்டும் வழியில் மரத்தைச் செதுக்கும் மெஷின்) ஒன்றை நாங்களே கட்டுகிறோம். கருவி நகர்ந்து ஓடும் ரயிலுக்கு (தண்டவாளம் போன்ற வழிகாட்டிக்கு) உருளைத் தண்டு எஸ்பிஆர் 20 போதும் என்கிறார் ஒருவர், எச்ஜிஆர் 20 சதுர ரயில்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: கதவு செதுக்கத்தான் என்றால் சதுர ரயிலையே வாங்குங்கள். ஆனால் பிரேமை மில்லிங் செய்யவும் (ரயில் உட்காரும் பரப்பை மெஷினில் சீவிச் சமமாக்கவும்) காசை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள். ரயில் மேல் பந்துகளால் வழுக்கி ஓடும் எச்ஜிஆர் 20 பிளாக் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், உங்கள் கேன்ட்ரி (கருவியைச் சுமந்து நகரும் பாலம்) நூறு கிலோ இருந்தாலும் நாலு பிளாக்குக்கு அது ஒன்றுமே இல்லை, அதனால் எடை தாங்குமா என்ற கவலையை விட்டுவிடலாம். ரயில் உட்காரும் இடம் நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெல்டிங் செய்த இரும்புக் குழாய் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் சூட்டில் இழுத்திருக்கும். அதன் மேல் ரயிலை வைத்து போல்ட்டை முறுக்கினால் ரயிலும் கூடவே வளையும், பிளாக் சில இடங்களில் லேசாகவும் சில இடங்களில் இறுக்கமாகவும் ஓடும், உள்ளே பந்துகள் சீக்கிரமே தேயும்.

எஸ்பிஆர் தண்டு இந்தக் கோணலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அதுதான் அதன் பலம். பலவீனம் என்னவென்றால், அதன் பிளாக் அடிப்பக்கம் திறந்திருக்கும், மேல்நோக்கி இழுக்கும் விசையை அவ்வளவாகத் தாங்காது. சதுர ரயிலில் பந்து பள்ளத்துக்குள் ஓடுவதால் நாலு பக்கமும் பிடிப்பு இருக்கும். தேக்கில் ஆழமாக வெட்டும்போது கருவி அதிர்ந்தால் பூவிதழில் வரி வரியாக விழுந்துவிடும், அப்புறம் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் எழுத்து வெட்டும் சின்ன மெஷின் என்றால் எஸ்பிஆரே போதும் என்று சொல்லியிருப்பேன்.

மில்லிங்குக்கு ஆள் கிடைக்கவில்லையா? தண்ணீர் போல ஓடிப் பிறகு இறுகும் ஈபாக்ஸிப் பிசினை பிரேமின் மேல் ஊற்றித் தானே சமமாக விடும் முறையைப் பலர் செய்கிறார்கள், பொறுமையாகச் செய்தால் நல்ல பலன் தரும். முதல் ரயிலை டயல் கேஜ் (சின்னக் கோணலையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பார்த்து முழுதாக இறுக்கிவிடுங்கள். இரண்டாவதை லேசாக மட்டும் பூட்டி, கேன்ட்ரியை ஒரு முனையிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே போய், அது கடந்த இடத்து போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டு வாருங்கள். முதல் ரயிலுக்கு இணையாக அது தானே வந்து நிற்கும். வீட்டில் கட்டும் பிரேமுக்கு இசட் ஜீரோ என்ற லேசான முன்னழுத்தம் (பந்துகள் ரயிலைப் பிடிக்கும் இறுக்கம்) உள்ள பிளாக்கே நல்லது, கடினமான முன்னழுத்தம் சின்னக் கோணலையும் மன்னிக்காது.

கேள்வி: எங்கள் மெஷினில் பிளாக்குகள் கரகரவென்று ஓடுகின்றன. தினமும் கம்ப்ரசர் காற்றடித்து, டபிள்யூடி-40 (துரு நீக்கும் ஸ்ப்ரே) தெளிக்கிறோம். ஏன் இப்படி?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அந்த இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். காற்றடித்தால் தூள் வெளியே போவதாகத் தெரியும், ஆனால் பாதி, தூளைத் தடுக்கும் சீல் என்ற ஓர மூடியைத் தாண்டி பிளாக்குக்குள் போகிறது. டபிள்யூடி-40 உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். எம்டிஎஃப் தூள் மாவு போல நுண்ணியது, எண்ணெயைக் குடித்துப் பசையாகி பந்துகளின் பாதையை அடைத்துவிடும்.

ரயிலைத் துணியால் துடையுங்கள், தூளை வாக்வத்தால் உறிஞ்சுங்கள். அப்புறம் கிரீஸ் கன்னால் பிளாக்கின் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) வழியே லித்தியம் கிரீஸைச் செலுத்துங்கள், செலுத்தும்போதே பிளாக்கை முன்னும் பின்னும் நகர்த்தினால் பழைய அழுக்குக் கிரீஸ் சீல் ஓரமாக வெளியே வரும். சுத்தமான கிரீஸ் வரும்வரை செய்யுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றால், இந்த ரயில்களைச் செய்யும் தைவான் நிறுவனமான ஹைவின் 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒருமுறை என்கிறது. நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 35 வேலை நாள். தூள் அதிகமுள்ள உங்கள் பட்டறைக்கு நான் அதில் பாதியே சொல்வேன். கடற்காற்று வேறு இருப்பதால் இரவில் நிறுத்தும்போது ரயிலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பூசி, காலையில் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ரயிலின் போல்ட் துளைகளில் மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கே சேரும் தூளை ஒவ்வொரு முறையும் பிளாக் வாரிக்கொண்டு போகும். பிளாக்கைக் கழற்ற வேண்டி வந்தால் வாங்கும்போது கூட வந்த பிளாஸ்டிக் துண்டின் மேல் நேராக ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில ரகங்களில் பந்துகள் தரையில் கொட்டிவிடும். கழுவி கிரீஸ் போட்ட பிறகும் கரகரப்பு போகவில்லை என்றால் பந்தோ பாதையோ தேய்ந்துவிட்டது, பிளாக்கை மாற்றுங்கள்.