ஏர் எடுத்தும் கிளட்ச் இறங்குகிறதா?

கேள்வி: எட்டு வருடப் பழைய டீசல் கார். காலையில் கிளட்ச் பெடல் தரையோடு போய்விடுகிறது, கியர் விழுவதில்லை. நாலைந்து தடவை மிதித்தால் சரியாகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுத்தார்கள், அதாவது கிளட்ச் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினார்கள். பத்தே நாளில் பழையபடி. இப்போது கிளட்ச் பிளேட் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மிதிக்க மிதிக்கப் பெடல் ஏறுகிறது என்றால் கோளாறு, பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் லைனில். பிளேட் தேய்ந்திருந்தால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. உங்களுக்கு அப்படி இல்லையே.

ஏர் தானாக உள்ளே வராது. ஆயில் கசியும் இடம் இருந்தால்தான் வரும். அதைத் தேடாமல் ஏர் எடுப்பது, பஞ்சர் ஒட்டாமல் காற்றடிப்பதுதான். பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ராடைத் தொட்டுப் பாருங்கள். கீழே கியர்பாக்ஸ் பக்கம், அந்த ஆயில் வந்து தள்ளிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பாருங்கள். எங்கே ஈரமோ அங்கே சீல் போய்விட்டது. சீல் கிட் போட்டால் போதும் என்ற இடத்திலும் சில சர்வீஸ் சென்டர்கள் 'முழு அசெம்பிளிதான் வரும்' என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஒரு விலக்கு உண்டு. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியாது. கியர்பாக்ஸின் மணி வடிவ உறைக்குள் (பெல் ஹவுசிங்), கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். இறக்கும் கூலிதான் பெரிய செலவு என்பதால், பிளேட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நியாயம். பிளேட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்லுங்கள். உங்கள் கார் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். டோ வண்டிக்காரர் 'தெரிந்த இடம்' என்று கூட்டிப்போகும் ஒர்க்‌ஷாப்புக்கும் போகவேண்டாம். அவர் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

கசிவை அடைத்த பிறகு ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்து, பெடலை விடும் முன்பே மூடவேண்டும். குமிழ் நிற்கும்வரை இப்படியே. இடையில் டப்பாவில் ஆயில் வற்றினால் மறுபடி முதலிலிருந்து. டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் ஆயிலின் தர வகைகள்) என்று போட்டிருப்பதை மட்டுமே ஊற்றுங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் அதே டப்பாதான். அதனால் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.