பல் செட் ஃபினிஷிங், பாலிஷிங்: லேப் வேலையில கேக்குற கேள்விக்கெல்லாம் பதில்

எல்லாருக்கும் வணக்கம். அக்ரிலிக் (பிளாஸ்டிக் மாதிரி பொருள்) வேலைதான் நமக்கு சோறு போடுது, அதனால ஹீட் க்யூர்ல, அதாவது சூட்டுல வேக வச்சு செஞ்ச ஃபுல் செட் பத்தி மட்டும் பேசுவோம். ஃபிளெக்ஸிபிள், மெட்டல் எல்லாம் வேற கதை. கேளுங்க.

சார், நான் டிப்ளமோ ஸ்டூடன்ட். ஃபிளாஸ்க்க (செட்ட வேக வைக்கிற அச்சுப் பெட்டி) திறந்ததும் முதல்ல என்ன பண்ணணும்? நேரா டிரிம்மர எடுத்துடலாமா?

எடுக்காதீங்க தம்பி. முதல்ல ஃபிளாஸ்க் நல்லா ஆறிடுச்சான்னு பாருங்க, வெளிய அரைமணி நேரமாவது ஆறவிட்டு அப்புறம் தண்ணியில போடணும், சூட்டோட திறந்தா செட் வளைஞ்சிடும். அடுத்து, ரீமவுண்ட் (ஆர்ட்டிகுலேட்டர்ல திருப்பி மாட்டி கடி பாக்கறது) பண்ற லேபா இருந்தா காஸ்ட்ட (பேஷன்ட் வாயோட பிளாஸ்டர் மாதிரி) விட்டு செட்ட கழட்டவே கூடாது. அக்ரிலிக் வேகும்போது பல்லு கொஞ்சம் நகரும், ஆர்ட்டிகுலேட்டர்ல (தாடை அசைவ காட்டுற கருவி) திருப்பி மாட்டினா அதோட முன்னாடி உள்ள இன்சைசல் பின் மேல தூக்கி நிக்கும் பாருங்க. அந்த கடிய அரைச்சு சரி பண்ணிட்டுதான் ஃபினிஷிங்கே. பல இடத்துல அவசரத்துல இத விட்டுடறாங்க, அப்புறம் டாக்டர் க்ளினிக்ல உக்காந்து பல்ல தேச்சுக்கிட்டு இருப்பாரு.

அண்ணே, நான் அனுப்புற செட்டு லூஸா இருக்குன்னு டாக்டர் அடிக்கடி சொல்றாரு. இம்ப்ரெஷன் நல்லாதான் இருக்கு. டிரிம் பண்றதுல எதாவது தப்பா?

நெறைய சான்ஸ் இருக்கு. ஓரத்துல மெல்லிசா தகடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அந்த ஃபிளாஷ் மட்டும்தான் நமக்கு வெட்ட உரிமை உள்ளது. அதுக்குள்ள இருக்கற உருண்டையான பார்டர், டாக்டர் கிரீன் ஸ்டிக் (சூட்டுல இளகுற அச்சுப் பொருள்) வச்சு பேஷன்ட்ட வாய அசைக்க சொல்லி எடுத்தது, பெரும்பாலும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பார்க்க தடியா இருக்கேன்னு நாம அத கத்தி முனை மாதிரி ஆக்கிட்டா சீல் போச்சு, காத்து உள்ள போகும், செட் விழும். மேல் செட்டோட பின்பக்கம் இன்னும் மோசம். அண்ணத்து ஓரத்துல டிஷ்யூ பக்கம் (வாயில ஒட்டுற உள்பக்கம்) லேசா மேடு மாதிரி ஒரு கோடு வரும், அது காஸ்ட்ட சுரண்டி வேணும்னே கொண்டு வந்த போஸ்டீரியர் சீல். புதுசா வர்ற பசங்க அத ஏதோ எக்ஸ்ட்ரா அக்ரிலிக்னு நெனச்சு வழிச்சு விட்டுடறாங்க!

ஃப்ரீனம், அதாவது உதட்டையும் கன்னத்தையும் ஈறோட இணைக்கிற மெல்லிசு சதை, இருக்கற இடத்துலயும் கவனமா இருங்க. முன்னாடி உதட்டு ஃப்ரீனத்துக்கு ஒடுக்கமா ஒரு வெட்டு போதும், கன்னத்து பக்கம் உள்ளது முன்னயும் பின்னயும் நகரும், அதுக்கு கொஞ்சம் அகலமா வேணும். காஸ்ட்ல எப்படி இருந்துச்சோ அப்படி.

உள்பக்கத்தையும் பாலிஷ் போடலாமா?

கூடாது. ஈறுல ஒட்டுற பக்கம் அது, அதுல கை வச்சா ஃபிட்டிங் போயிடும். சின்ன சின்ன முண்டு, கூர் மட்டும் எடுங்க. கண்ணுக்கு தெரியாது, பஞ்ச லேசா தேச்சு பாருங்க, எங்க நார் மாட்டுதோ அங்க கூர் இருக்கு. பிளாஸ்டர் ஒட்டியிருந்தா சுரண்டாம பிளாஸ்டர் கரைக்கிற லிக்விட்ல ஊற வைங்க.

எவ்வளவு நேரம் பஃப் அடிச்சாலும் பளபளப்பு வரல, வந்தாலும் வெளிச்சத்துல கோடு கோடா தெரியுது. எந்த கம்பெனி பாலிஷ் நல்லது?

கம்பெனிய விடுங்க, கோளாறு அதுல இல்ல. பூச்சு சரியில்லாத சுவத்துக்கு எத்தன கோட் பெயின்ட் அடிச்சாலும் மேடு பள்ளம் தெரியத்தான் செய்யும், அதே கதைதான் இதுவும். கார்பைடு டிரிம்மர் போடுற கோட்ட ஸ்டோன் எடுக்கணும், ஸ்டோன் போட்ட கோட்ட மேண்ட்ரில்ல (சுத்துற கம்பி)  சுத்துன சாண்ட் பேப்பர் எடுக்கணும், அது போட்டத பியூமிஸ் (எரிமலைக் கல் பொடி) எடுக்கணும். நடுவுல ஒண்ண தாண்டினா அந்த கோடு கடைசி வரைக்கும் கூடவே வரும். ஒவ்வொரு தடவையும் தேய்க்கிற திசைய மாத்துங்க, பழைய கோடு போச்சா இல்லையான்னு அப்பதான் தெரியும். பல்லுக்கு நடுவுல பிரஷ் வீல், அண்ணத்துக்கு ஃபெல்ட் கோன், வெளிப்பக்கத்துக்கு துணி பஃப். பியூமிஸ் முடிஞ்சதும் நல்லா கழுவி, துடைச்சு, காய வச்சு லைட்டுக்கு கீழ பாருங்க. ஈரமா இருந்தா எல்லாமே பளபளன்னுதான் தெரியும், அதுல ஏமாந்துடுவோம். ஒரு கோடு கூட இல்லன்னா மட்டும் வேற பஃப்ல டின் ஆக்ஸைடோ வைட்டிங்கோ (சாக் பொடி) போடுங்க, ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி வந்துடும். பியூமிஸ் அடிச்ச பஃப்லயே இதயும் போட்டா அந்த மண்ணு திரும்ப கோடு போடும்.

லேத்துல (பஃப் வீல சுத்துற மெஷின்) வச்சா எனக்கு சில சமயம் செட்டு சூடாகி வெள்ளையா மாறிடுது, ஒரு தடவ கீழ் செட்டு பறந்து போயி உடைஞ்சே போச்சு.

ரெண்டும் வேற வேற பிரச்சனை. சூடு எதனாலன்னா பியூமிஸ் காஞ்சு போச்சு, இல்ல ஒரே இடத்துல அழுத்தி பிடிச்சிருக்கீங்க. அக்ரிலிக் 100 டிகிரி பக்கத்துல வந்தாலே இளகிடும், வளைஞ்சும் போயிடும். பியூமிஸ் சேறு மாதிரி தண்ணியா இருக்கட்டும், லேத்துல ரெண்டு ஸ்பீடு இருந்தா குறைஞ்சதுல வைங்க, செட்ட நகர்த்திக்கிட்டே இருங்க. பல்லுக்கு மேல டேப் ஒட்டிக்கோங்க, அக்ரிலிக் பல்லு பியூமிஸ்ல சீக்கிரம் தேஞ்சு வடிவமே போயிடும்.

பறக்கறதுக்கு காரணம் பிடி. வீல் நம்ம பக்கமா கீழ நோக்கி சுத்தும், அதோட நடுவுக்கு கீழதான் செட்ட வைக்கணும், மேல் பாதியில வச்சா கைய விட்டு புடுங்கிடும். கீழ் செட் லாடம் மாதிரி இருக்கறதால நுனி சீக்கிரம் மாட்டும், ரெண்டு கையாலயும் பிடிங்க. டிரேல ஈரத்துணி போட்டு வச்சா விழுந்தாலும் தப்பிக்கும். கண்ணாடி, மாஸ்க் போடாம லேத் பக்கமே போகாதீங்க.

தேய்க்க தேய்க்க உள்ள இருந்து புள்ளி புள்ளியா ஓட்டை வருதே?

அத பாலிஷ்ல சரி பண்ண முடியாது. மோனோமர் (அக்ரிலிக் பொடியோட கலக்குற லிக்விட்) 100.8 டிகிரில கொதிக்கும், செட் வேக வைக்கிற குக்கர வேகமா சூடேத்தினா தடியான இடத்துல உள்ளயே கொதிச்சு குமிழ் நின்னுடும், நீங்க மேல தோல சீவினதும் வெளிய தெரியுது. 74 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சு அப்புறம் 100க்கு ஏத்தி ஒரு மணி நேரம், இல்ல டைம் இருந்தா 74லயே எட்டு மணி நேரம். அந்த ஓட்டைக்குள்ள அழுக்கும் கேண்டிடா பூஞ்சையும் சேரும், நிறைய இருந்தா புதுசா பண்ணிடுங்க.

பஞ்சுல மோனோமர் தொட்டு துடைச்சா ஷைன் வருதே, அது ஈசியா இருக்கு?

இத பண்றவங்கள பார்த்தா எனக்கு கோவம்தான் வரும். மேல் தோல் கரைஞ்சு வழவழன்னு தெரியும், கொஞ்ச நாள்ல நூல் நூலா வெடிப்பு விடும், மீந்து போன மோனோமர் பேஷன்ட் வாய்ல எரிச்சலும் குடுக்கும். டெலிவரி வரைக்கும்தான் அந்த ஷைன்.

நான் டெக்னீஷியன் இல்ல. அம்மாவோட செட்டு மங்கி போச்சு, பேஸ்ட் போட்டு தேய்ச்சா சரியாகுமா?

பேஸ்ட்டாலதான் மங்கியே இருக்கும், அதுல தேய்க்கிற பொடி இருக்கு. சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்கு மேல போனா அழுக்கு நல்லா பிடிக்க ஆரம்பிக்கும்னு சொல்லுவாங்க, அதனால மெத்துன்னு பிரஷ், சாதா சோப்பு தண்ணி போதும். வெந்நீர் வேண்டாம். ராத்திரி கழட்டி தண்ணியில போட்டு வைக்க சொல்லுங்க. மங்கினத டாக்டர்கிட்ட குடுத்தா லேபுக்கு அனுப்பி திரும்ப பாலிஷ் போட்டு தருவாங்க, பெரிய செலவில்ல. அனுப்பறதுக்கு முன்னாடி கிருமிநாசினில போட்டாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க, நாங்களும் எங்க பக்கம் ஒவ்வொரு செட்டுக்கும் புது பியூமிஸ்தான் கலக்குறோம், ஒருத்தர் வாய் கிருமி அடுத்தவருக்கு அந்த பியூமிஸ் டிரே வழியா போகும்ங்கிறதால.