ஒளிந்து குடிக்கும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

டயாலிசிஸில் இருந்த உங்கள் அண்ணனைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு வயது 54. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, போன ஆவணியிலிருந்து டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது, அதனால் பணம் பெரிய கவலையாக இல்லை. வீடுதான் கவலையாக இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை. பொங்கலுக்கு வாசலில் பானை வைக்கவில்லை, பாலைக் காய்ச்சிச் சாமி கும்பிட்டதோடு சரி. சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். அதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. வெயில் காலத்தில் மண்பானையைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நானும் பெண்களும் அவர் கண்ணில் படாமல் அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவோம். சிறுநீர் சரியாகப் போகாததால் அவருக்குத் தண்ணீர் அளவாகத்தான், நான்தான் தம்ளரில் அளந்து கொடுக்கிறேன். ஒருநாள் குளியலறைக் குழாயில் கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

சமையலுக்குச் சோடியம் குறைந்த உப்பைத்தான் கடையில் கேட்டு வாங்குகிறேன். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. அப்போது டாக்டர் சொன்னதுதான். இப்போது பெரும்பாலும் கஞ்சி.

மூத்தவளுக்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்திருக்கிறோம். என் நாத்தனார், "அண்ணனுக்கு உடம்பு சரியானதும் தையில் வச்சுக்கலாமே" என்கிறார். ஒரு நாட்டு மருந்துக்காரரையும் சொல்கிறார். மூன்று மாதத்தில் மெஷினே வேண்டாம் என்று ஆகிவிடுமாம். சிறுநீரகம் கொடுக்க நான் தயார், ரத்த வகை ஒத்துவரவில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா? உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

(பெயர் வேண்டாம்)
திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த உப்புப் பாக்கெட்டை இன்றைக்கே அடுப்படியிலிருந்து அப்புறப்படுத்துங்கள். சோடியம் குறைந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு அதனால் பாதகமில்லை. உங்கள் கணவருக்கோ பொட்டாசியம் வெளியேற மெஷினை விட்டால் வேறு வழியில்லை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயத்துடிப்பு தடுமாறும், முன்னறிவிப்பு இல்லாமல் நின்றும் போகலாம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளியில் இந்த ஆபத்து கூடுதல். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். இந்த உப்பு விஷயத்தை நாளைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்து சொல்லி, பொட்டாசியம் அளவை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கஞ்சி. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிக்கொண்டிருக்கும் காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன் உங்கள் டாக்டர் சொன்னது அதுதான். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து உடம்புக்கு வேண்டிய சத்தும் கொஞ்சம் போகும். கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 கிராமுக்கு மேல். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி எல்லாம் தட்டுக்குத் திரும்பி வரலாம். பல வீடுகளில் பழைய பத்தியத்தை யாரும் ரத்து செய்வதே இல்லை. நோயாளி மெலிந்துகொண்டே போவார், நோய்தான் உருக்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யூனிட்டில் உணவு ஆலோசகர் இருப்பார். அவரைப் பார்த்துப் புதிதாக ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். கஞ்சியில் முக்கால்வாசி தண்ணீர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தம்ளரில் அளந்து கொடுத்துவிட்டுக் கிண்ணத்தில் அளக்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அந்த மண்பானை. அதைக் கூடத்துக்கே கொண்டுவந்து வையுங்கள்.

நீங்கள் ஒளிந்து குடிப்பது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தாகத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பானை மூடியை நகர்த்தும் சத்தம் எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். தன்னால் வீட்டில் மூன்று பேர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார்? பெண்டாட்டி அளந்து கொடுத்தால் அவருக்குப் பிள்ளையின் இடம்தான் மிஞ்சுகிறது. குழாயடிக்குப் போனது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு ஒப்படைக்காமல் தூக்கம் வராத ஜாதி. டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் அண்ணியும் உங்களைப் போலத்தான் காவல் நின்றார். ஒருநாள் அண்ணன் கத்தினார்: "இது என்ன எழவு வீடா? வர்றவன் போறவன்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்!" மறுநாள் தானே கடைக்குப் போய் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். காலையில் அதை நிரப்பி வைப்பார். காபியோ மோரோ ரசமோ எது உள்ளே போனாலும், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. முக்கால் லிட்டர் அவருக்கு டாக்டர் சொன்ன அளவு. முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் கூட்டிச் சொல்வது வழக்கம், உங்கள் கணவரின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனியன் பையில் ஒரு சின்ன டைரியும் இருக்கும். டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை. உள்ளே தங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் எடையில் ஒரு கிலோ. "எத்தனை கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றுதான் யூனிட்டில் குசலம் விசாரிப்பார்கள். குறைவாக ஏற்றிக்கொண்டு போன நாளில் அண்ணனுக்கு வருகிற பெருமை இருக்கிறதே, சர்வீஸில் இருந்தபோது கலெக்‌ஷனில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி அவரைப் பார்த்ததில்லை.

தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் இவற்றை விட்டால் தண்ணீர்ச் சண்டை பாதியாகக் குறையும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஐஸ் கட்டியும் பாட்டில் கணக்கில் சேரும்.

ஆக, கணக்கு அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் காவல் வேலையிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாள் மீறுவார். மீறினால் என்ன ஆகும் என்பதை அடுத்த டயாலிசிஸில் பிரஷர் இறங்கிக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும்போது அவரே தெரிந்துகொள்வார். மூச்சு வாங்கினாலோ படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ மட்டும் அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் நாத்தனார் சொல்லும் "சரியானதும்" பற்றி. இந்த மெஷினை நோயாளிக்கு உதவும் விதத்தில் முதலில் கட்டியவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943, போர்க்காலம், நாடு ஜெர்மானியர் கையில். தற்காலிகமாகச் செயலிழந்த சிறுநீரகம் தேறி வரும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கத்தான் அது அன்று பயன்பட்டது. 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் ரத்தக்குழாயில் நிரந்தரமாக ஒரு குழாய் இணைப்பை வைத்துக் காட்டிய பிறகே திரும்பத் திரும்ப மெஷினில் போட முடிந்தது. அப்படி முதலில் போடப்பட்ட கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் அதற்குப் பிறகு 11 வருஷம் வாழ்ந்தார். அந்த 11 வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குச் "சரியாக"வில்லை. இதில் தையும் வரும் மாசியும் வரும், சரியாகிற மாதம் என்று ஒன்று வராது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் வேறு கதை. அது கிடைக்கிறவரை திங்கள், புதன், வெள்ளியை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்ச நாட்களில்தான் பண்டிகையும் நல்லது கெட்டதும் நடந்தாக வேண்டும்.

சில சமயம் அந்த நாட்களிலேயே நடக்கும். ஒரு தீபாவளி அண்ணனின் டயாலிசிஸ் நாளில் வந்து விழுந்தது. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் ஷிஃப்டுக்குப் போனார். பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டிலிருந்து ரவா உருண்டை வந்திருந்தது, நாங்கள் முறுக்கு கொண்டுபோனோம். முறுக்கில் உப்பு என்று அண்ணன் அதைத் தொடவில்லை. ரவா உருண்டையில் பாதி சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. உங்கள் கணவருக்கு உண்டா என்று எழுதவில்லை, இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

பருவத்துக்குப் பருவம் கண்ணி வேறு வேறு இடத்தில் இருக்கும். கத்திரியில் இளநீர். ஊரே உடம்புக்கு நல்லது என்று நீட்டும், டயாலிசிஸ்காரருக்கு அதில் இருப்பது வெறும் பொட்டாசியம். ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ், அதுவும் தண்ணீர்க் கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், வியர்வை நின்றுபோவதால் குடித்தது அப்படியே எடையாக ஏறும். மழைக்கு இதமாக இன்னொரு டீ என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். வருஷம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை இது.

நாட்டு மருந்துக்காரர் பற்றி ஒரே வரி: மெஷினை நிறுத்தச் சொல்கிற யாரையும் வாசற்படி ஏற விடாதீர்கள்.

சிறுநீரகம் கொடுக்க உங்கள் ரத்த வகை ஒத்துவராததால் கதவு மூடிவிடவில்லை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ல் கொண்டுவந்த திருத்தம், இப்படி ஒத்துவராத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொடுக்க வழி செய்கிறது. நீங்கள் இன்னொருவருக்கு, அவர் வீட்டில் ஒருவர் உங்கள் கணவருக்கு. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான அரசின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவு செய்து வைத்தால்தான் முறை வரும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். தள்ளி வைக்காதீர்கள். ஞாயிறு முகூர்த்தம் என்றால் வெள்ளி டயாலிசிஸை அந்த ஒரு வாரம் மட்டும் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சனி காலையில் முடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை தெம்பாக மணையில் உட்காருவார். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கே சாயங்காலம் ரிசப்ஷனில் நிற்க வைத்துவிடாதீர்கள், ஆள் துவண்டுவிடுவார். தாம்பூலம் மாற்றும்போது, தாரை வார்க்கும்போது மட்டும் இருந்தால் போதும். புதனுக்கும் சனிக்கும் நடுவே இடைவெளி நீளுவதால் அந்த வியாழனும் வெள்ளியும் உப்பிலும் தண்ணீரிலும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையைப் பற்றிப் பெண்களில் ஒருத்தியிடம் பொறுப்புக் கொடுங்கள். அன்பு மிகுதியில் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள், சீர்த்தட்டைத் தூக்கச் சொல்கிறவர்கள் என்று கல்யாண வீட்டில் ஆளுக்குப் பஞ்சமிருக்காது. இறுக்கமான சட்டை, வாட்ச், காப்புக்கயிறு எதுவும் அந்தக் கையில் வேண்டாம். பந்தியில் அவருக்கென்று தனிச் சமையல் வைக்காதீர்கள். எல்லோரோடும் இலையில் உட்காரட்டும், ரசத்தையும் அப்பளத்தையும் ஊறுகாயையும் அவரே கை காட்டி மறுத்துவிடுவார்.

மாப்பிள்ளை வீட்டில் மறுவீடு, விருந்து என்று வெளியூரில் தங்க வேண்டியிருந்தால் அந்த ஊர் யூனிட்டில் ஒருநாள் போட்டுக்கொள்ளலாம். கடைசி டயாலிசிஸ் தாள், மஞ்சள் காமாலை, எச்ஐவி பரிசோதனை முடிவுகள், ட்ரை வெயிட் (உடம்பில் அதிகப்படித் தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடை) எழுதிய சீட்டு இவற்றை முன்கூட்டியே கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். சனிக்கிழமை மாற்றத்துக்கு ஆடியிலேயே யூனிட்டில் சொல்லிவைத்துவிடுங்கள். முகூர்த்த மாதத்தில் இதே கோரிக்கையோடு இன்னும் நாலு குடும்பம் வரும், காலை ஷிஃப்ட் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்