மலையில் கேபிள் ட்ரே: ஓட்டையின் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலை ஃபேக்டரி நடத்துகிறோம். பேனல் அறையிலிருந்து ட்ரையர் வரை 60 மீட்டருக்கு கேபிள் ட்ரே, அதாவது கேபிளைத் தாங்கிச் செல்லும் இரும்புத் தட்டு, போட வேண்டும். 8 ஆர்மர்டு கேபிள் (உறைக்குள் இரும்புக் கவசம் உள்ளது) போகும். கோவையில் ஒரு கடையில் ‘ஜி.ஐ. ட்ரே’ என்று ஒரு விலையும், ‘ஹாட் டிப்’ என்று அதைவிட ரொம்பக் கூடுதலாக ஒரு விலையும் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: ஹாட் டிப். கடையில் வெறுமனே ‘ஜி.ஐ.’ என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, மடித்தது. பூச்சு ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருந்தாலே நல்ல சரக்கு. வெட்டிய விளிம்பில் பூச்சே இருக்காது. ஹாட் டிப் ட்ரேயை முழுதாகச் செய்து முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள், 2 மி.மீ. தகட்டில் 55 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும். சமவெளியில், உலர்ந்த கட்டடத்துக்குள் முதல் ரகமே பல வருஷம் ஓடிவிடும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். இரும்பு காயவே காயாது.

கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. ஓட்டையின் உள்விளிம்பைப் பாருங்கள். ஹாட் டிப்பில் அங்கேயும் மங்கிய சாம்பல் நிறப் பூச்சு ஏறியிருக்கும், சில இடத்தில் துளித்துளியாக உறைந்தும் நிற்கும். மற்றதில் மேல்பரப்பு பளபளக்கும், ஓட்டையின் வாய் மட்டும் வெறும் இரும்பாக இருக்கும். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். வெர்னியரால் தகட்டின் கனத்தையும் அளந்துவிடுங்கள். 2 மி.மீ. என்று சொல்லி 1.6 தருவது உண்டு; மீட்டர் கணக்கு விலையில் அது தெரியாது. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். பில்லில் ‘ஹாட் டிப், ஐ.எஸ். 4759 படி’ என்று இருக்கட்டும்; ஹாட் டிப் பூச்சுக்கான இந்தியத் தர எண் அது.

அடித்தகட்டில் ஓட்டை போட்ட ஓட்டை ட்ரேயைவிட, ஏணி போலக் குறுக்குச் சட்டம் மட்டும் உள்ள லேடர் ட்ரே உங்களுக்கு நல்லது. ஃப்ளஃப் என்கிற தேயிலை நார்த்தூசி ஓட்டை ட்ரேயின் அடியில் மெத்தை போலப் படியும், எரியக்கூடியது அது. லேடரில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். சூட்டுக்கும் லேடர் மேல்: 9 கேபிளை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் போட்டால், 100 ஆம்பியர் தாங்கும் கேபிள் ஓட்டை ட்ரேயில் சுமார் 73, லேடரில் சுமார் 78 ஆம்பியர்தான் தாங்கும். உங்கள் 8 கேபிளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. கேபிளின் வெளிவிட்டம் 22 மி.மீ. என்றால் எட்டுக்கு 176. பின்னால் சேர்க்கக் கால் பங்கு விட்டால் 220. ஆக 300 மி.மீ. அகலம் எடுங்கள்.

2.5 மீட்டர் நீளத்தில் 24 துண்டு வேண்டும், ஒன்று கூடுதலாக வாங்குங்கள். 23 இணைப்பு, இணைப்புக்கு 2 கப்ளர் தட்டு, தட்டுக்கு 4 போல்ட்: 46 தட்டு, 184 போல்ட். போல்ட்டும் ஹாட் டிப்பாகவோ 304 ஸ்டெயின்லெஸ்ஸாகவோ இருக்கட்டும். மின்முலாம் பூசிய சாதா போல்ட்தான் முதலில் துருப்பிடித்து, ட்ரே முழுவதையும் பழையதாகக் காட்டும்.

கட்டாகக் கட்டி, தார்ப்பாய் போட்டு மழையில் மலையேற்றிய ட்ரேயை அன்றே பிரித்துவிடுங்கள். அடுக்குக்கு நடுவே தண்ணீர் நின்றால் சில நாளில் வெள்ளைப் பொடி பூக்கும், துத்தநாகம்தான் கரைகிறது. இடையிடையே மரச்சட்டம் வைத்து, சாய்வாக நிறுத்துங்கள்.

கேள்வி: மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 1.5 மீட்டருக்கு ஒரு சப்போர்ட். 60 மீட்டருக்கு 41, வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தனியாக ஒவ்வொன்று. இரண்டு சப்போர்ட்டுக்கு நட்டநடுவில் இணைப்பு வந்தால் அங்கே தொங்கும். சப்போர்ட் பக்கமாக, கால் பங்கு தூரத்துக்குள் வரும்படி தள்ளுங்கள். போல்ட்டின் வழவழப்பான தலை ட்ரேக்கு உள்ளே, நட்டு வெளியே. மாற்றிப் போட்டால் கேபிளை இழுக்கும்போது போல்ட் முனை உறையைக் கிழித்துவிடும்.

ஆர்மர்டு கேபிளை அதன் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது: 22 மி.மீ. கேபிளுக்கு 264. ஆகவே 300 மி.மீ. உள் ஆரமுள்ள ரெடிமேட் வளைவை வாங்குங்கள். கிரைண்டரில் வெட்டினால் பொறி பட்ட இடத்திலெல்லாம் பூச்சு கருகும், ஹாக்ஸா போதும். வெட்டிய முனையை அரம் போட்டு, துத்தநாகம் நிறைந்த ஜிங்க் ரிச் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள்.

எர்த்துக்கு 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டையை முழு நீளத்துக்கும் ஓட்டி, இரு முனையிலும் எர்த்தில் சேருங்கள். வெறும் செம்புக் கம்பியைத் துத்தநாகத்தில் முடுக்கினால் ஈரத்தில் துத்தநாகம் அரித்துப்போகும்.

பேனலுக்குள் மேலிருந்து கேபிள் நுழைக்க வேண்டாம். மூடுபனித் தண்ணீர் கேபிள் வழியே ஓடி நேராக பஸ்பாரில் (பேனலுக்குள் கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) சொட்டும். கீழே இறக்கி, வளைத்து, அடியிலிருந்து கிளாண்ட் (நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) வழியே ஏற்றுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் லாட்ஜில் சி.சி.டி.வி., இன்டர்நெட் வயரையும் கரண்ட் கேபிள் போகும் அதே ட்ரேயில் போடலாமா?

பதில்: நடுவில் எர்த் செய்த இரும்புத் தடுப்பு வைத்தால் போடலாம். தனி ட்ரே என்றால் 300 மி.மீ. தள்ளி. மொட்டைமாடியில் மூடி போட்டு கிளாம்ப் அடியுங்கள். கிளாம்ப் இல்லாத மூடியைக் குரங்கு கழற்றிவிடும்.

கேள்வி: குன்னூரில் நானே நடத்தும் பேக்கரிக்கு ஹாட் டிப் என்று பில் போட்டு வாங்கிய ட்ரே ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிட்டது. கடைக்காரர் கை விரிக்கிறார்.

பதில்: வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்பார்கள். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காகவே வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. பூச்சு அளக்கும் மீட்டரால் ஐந்தாறு இடத்தில் அளந்து, அளவு தெரியும்படி படமெடுங்கள். பில் நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் முதலில் 1915 (தேசிய நுகர்வோர் உதவி எண்), பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும்; கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் நீலகிரி மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அதுவரை அந்த ட்ரேக்கு பெயின்ட் அடித்துவிடாதீர்கள், துருதான் சாட்சி.