செருப்பைக் கழற்றிய மாணவர்

கேள்வி: பல தெய்வங்களைக் கும்பிடுவது சிந்திக்கத் தெரியாதவர்களுக்கான ஏற்பாடு. சாக்ரடீஸ், பிளேட்டோ போன்றவர்கள் ஊர் வாய்க்குப் பயந்துதான் தெய்வம், பலி என்றெல்லாம் பேசினார்கள். பிளேட்டோ தொடங்கிய தத்துவப் பள்ளி உண்மையில் ஏற்றது, எல்லாவற்றுக்கும் மூலமான ‘ஒன்று’ என்ற தத்துவத்தை மட்டும்தானே?

பதில்: இல்லை.

‘ஊர் வாய்க்குப் பயந்து’ என்கிறீர்களே, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிளேட்டோவின் வழிவந்தவர்களில் மிகத் தீவிரமாகக் கும்பிட்டவர் புரோக்ளஸ். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் அந்தப் பள்ளியின் தலைவராக இருந்து, 485இல் இறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே, 391, 392ஆம் ஆண்டுகளில், பலியிடுவதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் கிறிஸ்தவரான ரோமப் பேரரசர் தியோடோசியஸ் தடை போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் ஊருக்குப் பயந்தவர் கும்பிடாமல்தான் இருந்திருப்பார்.

புரோக்ளஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆசிரியர் சிரியானஸைப் பார்க்கப் போகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்கிறது. அமாவாசை கழிந்து முதல் பிறை தெரிகிறது. சிரியானஸும் உடனிருந்த லக்காரஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியரும் இந்தப் புதுப் பையனை அனுப்பிவிட்டு, தனியாக நிலாத் தேவியைத் தொழ நினைக்கிறார்கள். பையன் சற்றுத் தள்ளிப் போகிறார், பிறையைப் பார்க்கிறார், அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கண்ணெதிரே வணங்குகிறார். பெரியவர்கள் மறைவாகச் செய்ய நினைத்ததை முன்பின் தெரியாத ஊரில் ஒரு மாணவர் வெளிப்படையாகச் செய்கிறார். அவருடைய சீடர் மரினஸ் எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் இது.

பிற்காலத்தில் அவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு முற்றியபோது ஓர் ஆண்டு ஏதென்ஸை விட்டு, இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவுக்குப் போய் இருந்தார். நண்பரின் மகள் நோயில் விழுந்து மருத்துவர்கள் கைவிட்டபோது, மருத்துவ தெய்வமான அஸ்கிலெப்பியஸின் கோயிலுக்குப் போய்ப் பழைய முறைப்படி வேண்டினார். பெண் பிழைத்தாள் என்கிறார் மரினஸ். புரோக்ளஸின் வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பிறர் கண்ணில் படாமல் போய்வர முடிந்ததாம். ஏதென்ஸின் பெரிய கோயிலான பார்த்தெனானிலிருந்து, அந்த ஊரின் காவல் தெய்வம் அதீனாவின் சிலையை அகற்றியபோது, ‘ஏதென்ஸின் தலைவி இனி உன்னோடு தங்க விரும்புகிறாள், வீட்டைத் தயார் செய்’ என்று ஓர் அழகிய பெண் அவர் கனவில் வந்து சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். கனவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலை இழந்த தெய்வத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த மனிதரைப் பார்த்து ‘ஊருக்குப் பயந்தவர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்தது, அந்த ‘ஒன்று’. புரோக்ளஸின் கணக்கில் அது மற்ற தெய்வங்களை விழுங்கி நிற்கும் ஒரு பெரிய தெய்வம் அல்ல. எது இருந்தாலும் அது ஒன்றாக, தானாக இருக்கிறது. அப்படித் தானாக இருப்பதன் உச்சிதான் தெய்வங்கள். ஒவ்வொரு தெய்வத்துக்குள்ளும் மற்ற எல்லாம் உண்டு, ஆனால் அந்தந்தத் தெய்வத்தின் வழியில். ஆகவே அதீனாவைக் கும்பிடுகிறவர் முழுமையில் ஒரு துண்டைக் கும்பிடவில்லை. ‘ஒன்று’ என்பதை ஏற்றதால்தான் அவர் பல தெய்வங்களைக் கும்பிட்டார்.

உங்கள் பக்கமும் ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்க மாட்டேன். 3ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த, பிளேட்டோவின் வழிவந்த புளோட்டினஸை அமேலியஸ் என்ற மாணவர் கோயில்களுக்குக் கூப்பிட்டபோது, ‘அவர்கள்தான் என்னிடம் வர வேண்டும், நான் அவர்களிடம் அல்ல’ என்றாராம். ஆனால் இதை எழுதிவைத்த இன்னொரு மாணவர் போர்ஃபிரியே, அவர் என்ன பொருளில் சொன்னார் என்று எங்களுக்குப் புரியவில்லை, கேட்கவும் துணியவில்லை என்கிறார். கூட இருந்தவர்களுக்கே விளங்காத பேச்சை வைத்து நாம் ஒரு தீர்ப்பு எழுத முடியாது.

சாக்ரடீஸ் விஷம் குடித்து உடல் குளிர்ந்துகொண்டிருக்கும்போது கடைசியாகச் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுவது, அஸ்கிலெப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் செலுத்திவிடுங்கள் என்பதுதான். சாகப் போகிறவருக்கு ஊர் வாய் என்ன செய்யும்? அது நேர்த்திக்கடன், அவ்வளவுதான்.

அதே பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய சட்டங்களைப் பற்றிய நூலில், தெய்வ நிந்தனை மூன்று வகை என்கிறார். தெய்வம் இல்லை என்பது ஒன்று. இருந்தாலும் நம்மைக் கவனிப்பதில்லை என்பது இன்னொன்று. படையல் போட்டு அதை வளைத்துவிடலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் என்னைத் தைத்தது. அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் செய்தது முழுக்கப் பேரம். இதைச் செய்கிறேன், அதைக் கொடு. இந்தப் பக்கத்தைப் படித்த இரவில் பேரத்தை நிறுத்தினேன். கும்பிடுவதை நிறுத்தவில்லை. சூரியனோடு திரும்பும் பூவும் தன்னால் ஆன வகையில் தொழுகிறது என்று புரோக்ளஸ் எழுதுவார். அந்தப் பூ எதையும் கேட்பதில்லை. நானும் அதன் பிறகு கேட்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பலம் எனக்கு அப்போதுதான் வந்தது.

சரி, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலின் கடைசிப் பக்கம். நண்பகல் வெயில் தணிந்த நேரம், ஏதென்ஸுக்கு வெளியே இலிசஸ் ஆற்றங்கரை, ஒரு பெரிய மரத்தின் நிழல். கிளம்புவதற்கு முன் காட்டுத் தெய்வமான பானையும் அந்த இடத்துத் தெய்வங்களையும் சாக்ரடீஸ் வேண்டுகிறார்: உள்ளே நான் அழகாக வேண்டும், வெளியே என்னிடம் உள்ளவை உள்ளே உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும், அறிவுள்ளவரையே செல்வராக எண்ண வேண்டும், பொன், அடக்கமானவர் சுமக்கக்கூடிய அளவுக்கு இருந்தால் போதும். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். எனக்கும் சேர்த்து வேண்டுங்கள் என்கிறான் கூட இருக்கும் இளைஞன்.